அல்சேஷன், கூழை, கன்னி: மேய்ப்பர் வைத்த பெயர்கள்



சில மாதங்களுக்கு முன்னர் சிரம்பானில் நடந்த மொழிப் பயிலரங்கு ஒன்றில் படிவம் நான்கு மாணவி ஒருத்தி என்னிடம் ஒரு வினா எழுப்பினாள். "ஐயா, தோட்டத்தில் இருந்தபோது துரை வளர்த்த நாயை எங்கள் பாட்டி அல்சேஷன் என்று சொல்கிறார். தொலைக்காட்சியில் அதே நாயை ஜெர்மன் ஷெப்பர்ட் என்கிறார்கள். இரண்டில் எது சரி?" நேரமின்மையால், "இரண்டும் ஒரே நாய்தான் அம்மா" என்று அன்று ஒரு வரியில் விடை கூறி முடித்துவிட்டேன். வீடு திரும்பிய பின்னர் அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்குமானால், அப்பெயர்களை வைத்தவர் யாவர், எந்நோக்கில் வைத்தனர் என்று ஆராய்வதே மொழியியலின் கடமை. அம்மாணவிக்கு நான் கடன்பட்ட முழு விடையே இவ்வுரை.

இவ்வுரையின் கருத்து ஒன்றே. தொழில் செய்யும் மக்கள் தம் கைவசமுள்ள விலங்குகளுக்கு இடும் பெயர்கள், அவர்கள் கண்டும் பழகியும் பெற்ற அறிவைச் சேமித்து வைக்கும் கலங்கள். தொழில் மறையும்போது அப்பெயர்களும் மறைகின்றன. அவற்றை எவரும் குறித்து வைக்காவிடின் அறிவும் உடன் மறைகிறது.

1. அல்சேஷன் வந்த வழி

ஜெர்மன் மொழியில் இந்நாயின் பெயர் 'டாய்ச்சர் ஷேஃபர்ஹுண்ட்' என்பதாகும். 'ஷேஃபர்' என்றால் ஆட்டிடையர். 'ஹுண்ட்' என்றால் நாய். எனவே 'ஜெர்மானிய ஆயர் நாய்' என்பது அதன் நேர்ப்பொருள். முதலாம் உலகப்போர் முடிந்தபோது பிரிட்டனில் ஜெர்மனியின் பெயரைத் தாங்கிய எதுவும் வெறுப்புக்கு உள்ளாயிற்று. ஆகவே 1919ஆம் ஆண்டில் பிரிட்டனின் கென்னல் கழகம் இந்நாயைப் பதிவு செய்தபோது ஜெர்மனியின் பெயரைத் தவிர்த்து, 'அல்சேஷிய ஓநாய்நாய்' என்னும் பொருள்படும் பெயரை அளித்தது. அல்சாஸ் என்பது ரைன் ஆற்றின் மேற்கே, பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே கைமாறி வந்த நிலப்பகுதி. நாய் அப்பகுதிக்கே உரியதன்று. அரசியல் காரணத்தால் இடப்பட்ட முகமூடிப் பெயர் அது. பின்னர் 'ஓநாய்' என்னும் பகுதி விடுபட்டு 'அல்சேஷன்' மட்டும் நிலைத்தது. 1977இல்தான் அக்கழகம் 'ஜெர்மன் ஷெப்பர்ட்' என்னும் பெயரை மீண்டும் ஏற்றது.

நெகிரி செம்பிலானின் ரப்பர்த் தோட்டங்களில் துரைமார் பெரும்பாலும் பிரிட்டானியராக இருந்த காலத்தில், இம்முகமூடிப் பெயரே வழக்கில் இருந்தது. பங்களா வாயிலில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாயின் பெயரைத் தோட்டக்காரரும் சமையற்காரரும் அங்கே கேட்டனர். அவர்கள் வழியே அது லயத்து வீடுகளை அடைந்தது. ஆகவே உன் பாட்டி கூறும் சொல் பிழையன்று. அச்சொல் எவ்வழியே நம்மிடம் வந்தது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. 'பெரட்டு', 'கிராணி', 'துரை' போன்று அதுவும் தோட்டத்து வரலாற்றின் ஓர் ஏடு.

2. ஒன்றுக்கு முன் பல

'ஜெர்மன் ஷெப்பர்ட்' என்னும் பெயரும் மிகப் பழையதன்று. 1899ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்னும் குதிரைப்படை அலுவலர், கார்ல்ஸ்ரூவே நகரில் நடந்த நாய்க் கண்காட்சி ஒன்றில் தாம் கண்ட ஆட்டுநாயை விலைக்கு வாங்கினார். 'ஹெக்டர்' என்று அழைக்கப்பட்டுவந்த அந்நாய்க்கு 'ஹோராண்ட்' என்று புதுப்பெயர் சூட்டி, தாம் நிறுவிய சங்கத்தின் இனப்பதிவேட்டில் முதல் எண்ணாகப் பதிந்தார். பெயர் மாற்றத்தோடு ஓர் இனம் தொடங்கியது என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

அதற்கு முன்னர் ஜெர்மானிய நிலமெங்கும் ஆடு மாடு மேய்த்த நாய்கள் ஒரே சாயலின அல்ல. நடு ஜெர்மனியில் ஒருவகை, தென் ஜெர்மனியில் வேறொரு வகை. நிமிர்ந்த செவியின, மடிந்த செவியின. குறுமயிர் உடையன, சடை தொங்குவன எனப் பலவாக இருந்தன. ஷ்டெஃபானிட்ஸ் துரிங்கியா, வுர்ட்டெம்பெர்க் முதலிய வட்டாரங்களின் நாய்களைக் கலந்து, ஒரே தோற்ற வரையறைக்குள் கொண்டுவந்தார். அவ்வரையறையுள் அடங்கியது ஜெர்மன் ஷெப்பர்ட் ஆயிற்று. காவல்துறையிலும் படையிலும் பணியேற்று உலகெங்கும் பரவிற்று. வரையறைக்கு வெளியே நின்றவை பெயரற்றவையாக, ஆயர்களிடமே தங்கிவிட்டன.

அவ்வாறு எஞ்சியவற்றுக்கு இன்று வழங்கும் பொதுப்பெயர் 'பழைய ஜெர்மானிய மேய்ப்பு நாய்கள்' என்பது. 'பழைய' என்னும் அடைமொழியை நோக்குக. புதியது ஒன்று தோன்றும்வரை பழையதற்கு அடைமொழி தேவைப்படுவதில்லை. சீமைப் பசு வருமுன் நம் முன்னோர்க்கு 'மாடு' மட்டுமே இருந்தது. வந்தபின் அது 'நாட்டு மாடு' ஆயிற்று. 'நாட்டுக்கோழி', 'நாட்டுச் சர்க்கரை' ஆகியனவும் அவ்வாறு பிறந்தவையே. உரிமையாளனே தன் வீட்டுக்கு விருந்தாளியின் பெயரை ஒட்டி அடையாளம் கூற நேர்வது போன்ற நிலை இது.

3. மேய்ப்பர் இட்ட பெயர்கள்

எழுத்தேறிய பெயர் இல்லாவிடினும் ஆயர்கள் தம் நாய்களை வகைப்படுத்தி அழைத்தே வந்தனர். அப்பெயர்கள் சிலவற்றைப் பொருளோடு காண்போம்.

'ஃபுக்ஸ்' என்றால் நரி. செந்நரியின் நிறமுடைய நாய்க்கு இப்பெயர். ஹார்ட்ஸ் மலைப்பகுதி இதற்குப் பெயர் பெற்றது.

'ஷ்வார்ட்சர்' என்றால் கறுப்பன். உடல் முழுதும் கறுத்த நாய்.

'கெல்ப்பாக்க' என்றால் மஞ்சட் கன்னம். உடல் கறுத்து, கன்னத்திலும் காலிலும் பழுப்பு மஞ்சள் படிந்த நாய்.

'டீகர்' என்றால் புலி. தென் ஜெர்மனியில் மிகுதி. இதன் உடலில் வரிகள் இல்லை. சாம்பல் நிறத்தில் கருந்திட்டுகள் சிதறிக் கிடக்கும். ஜெர்மன் மொழியில் விலங்கின் நிறத்தைக் குறிக்கும்போது 'புலி' என்பது புள்ளியையும் திட்டையும் சுட்டும். தமிழிலும் 'வரிப்புலி' என்றும் 'சிறுத்தைப்புலி' என்றும் பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதை நினைவுகொண்டால் இது வியப்பாகாது.

'ஷ்ட்ரோபல்' என்றால் பறட்டைத் தலையன். கலைந்த முரட்டு மயிருடையது.

'ஷ்டும்ப்பர்' என்றால் மொட்டை வாலன். வால் குட்டையாக முடிந்திருக்கும்.

'கூஹுண்ட்' என்றால் மாட்டு நாய். மேற்கே ஸீகர்லாண்ட், வெஸ்டர்வால்ட் வட்டாரங்களில் ஊர்ப் பசுக்களை மேய்த்த நாய்க்கு இப்பெயர்.

இப்பட்டியலில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. நிறம், மயிர், வால், வேலை என்னும் நான்கும் பெயருக்கு அடிப்படையாகின்றன. மாலை மங்கலில், நூறு அடிக்கு அப்பால், ஆட்டுக்கூட்டத்தின் விளிம்பில் ஓடும் நாயை அடையாளம் காண ஆயனுக்கு எவை கண்ணில் படுமோ அவையே பெயராயின.

4. பெயருக்குள் இருக்கும் அறிவு

இந்நாய்களின் வேலையை அறிந்தால் பெயர்களின் பயன் விளங்கும். ஜெர்மானியச் சமவெளிகளில் வேலியற்ற விளைநிலங்களுக்கு நடுவே மேய்ச்சல் துண்டுகள் இருந்தன. ஒருபுறம் கோதுமை, மறுபுறம் கிழங்கு, இடையே ஆடுகள். அண்டை வயலில் ஆடு வாய்வைத்தால் ஆயன் இழப்பீடு தர வேண்டும். ஆகவே நாய், வயலின் எல்லைச் சாலின் வழியே முன்னும் பின்னும் இடைவிடாது ஓடி, உயிருள்ள வேலியாக நின்றது. சாலை விட்டு விலகாத நாயே நல்ல நாய் எனப்பட்டது. ஆட்டை மறிக்க வேண்டிய வேளையில் அது கழுத்திலோ விலாவிலோ தொடையிலோ தோல் கிழியாமல் கவ்வி விடும். ஆயனுக்கு அருகில் ஒரு துணைநாயும், கூட்டத்தின் மறுபக்கத்தில் ஒரு தலைநாயும் பணி செய்யும். பிரிட்டனின் 'கோலி' வகை நாய் தரையோடு பதுங்கி, கண்ணால் நோக்கி ஆட்டைத் திரட்டுவது. ஜெர்மானிய நாய் நிமிர்ந்து ஓடி எல்லை காப்பது. 'ஹ்யூட்டன்' என்னும் ஜெர்மன் வினைச்சொல் மேய்த்தல், காத்தல் ஆகிய இரு பொருளையும் ஒருங்கே தருவது இதனால் பொருத்தமாகிறது.

'டீகர்' என்னும் பெயரில் மற்றுமொரு நுட்பம் உண்டு. அத்திட்டு நிறத்தைத் தரும் மரபணுவை இரு பெற்றோரிடமிருந்தும் பெறும் குட்டிகளுக்குப் பார்வையும் கேள்வியும் பழுதுபடும் வாய்ப்பு மிகுதி. அத்தகைய இருநாய்களை இணைத்தால், நான்கில் ஒரு குட்டிக்கு அந்நிலை நேரலாம். ஆகவே 'டீகரோடு டீகரைச் சேர்க்காதே' என்பது வளர்ப்போர் காக்கும் விதி. நிறத்துக்குப் பெயர் இருந்தமையால் விதியைச் சொல்லுதல் எளிதாயிற்று. பெயரே இல்லாத நிறத்தைப் பற்றி விதி செய்வது எவ்வாறு?

1989இல் இந்நாய்களைக் காக்கவென ஒரு சங்கம் ஜெர்மனியில் உருவாயிற்று. தோற்ற அழகைவிட வேலைத்திறனையே அது முதன்மையாகக் கொள்கிறது. அருகிவரும் வளர்ப்பு விலங்குகளின் பட்டியலிலும் இவை இடம்பெற்றுள்ளன. ஆட்டுக்கூட்டமும் நடந்து மேய்க்கும் ஆயரும் குறையக் குறைய நாயும் குறைகிறது. நாயோடு சொல்லும் அருகுகிறது.

5. தமிழ் வழக்கில்

இவற்றைக் கேட்கும் தமிழ் மாணவர்க்கு இது அயலார் செய்தி அன்று. விலங்குப் பெயரை நுணுகி வகுத்தல் நம் இலக்கணத்திலேயே இடம்பெற்றது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மரபியல், நாய்க்குட்டியைக் 'குருளை' என்று வழங்கும் மரபைக் கூறுகிறது. பெண் நாய்க்குப் 'பிணவு' என்றும் 'பாட்டி' என்றும் பெயர் உண்டென்கிறது. பிற்சொல்லைக் கேட்டு மாணவர்கள் நகைப்பதுண்டு. ஆயினும் அக்காலத்து வழக்கை உள்ளவாறு குறித்த அறிஞரின் நேர்மையை அதில் காண வேண்டும்.

மக்கள் வழக்கு இன்னும் செழுமையானது. கொங்கு நாட்டுக் காங்கேயம் மாடுகளை நிறத்தால் மயிலை, பிள்ளை, செவலை, காரி எனப் பகுப்பர். கொம்பில்லாதது மோழை, வால் குறைந்தது கூழை, நெற்றியில் வெள்ளைப் புள்ளி உடையது சுட்டி. இவற்றுள் 'கூழை' என்னும் சொல்லை யாப்பிலக்கணம் பயிலும் மாணவர் நன்கறிவர். நாற்சீர் அடியில் முதல் மூன்று சீர்களில் மோனையோ எதுகையோ அமைந்து இறுதிச் சீரில் அமையாது நிற்பது கூழைத்தொடை. வாலில் குறை உடையது என்பதே அதன் உட்கிடை. மாட்டுக் கொட்டகையின் சொல்லும் யாப்பு நூலின் சொல்லும் ஒன்றே. ஜெர்மானிய ஆயனின் 'ஷ்டும்ப்பர்', தமிழாயனிடம் 'கூழை'.

தமிழகத்தின் புகழ்பெற்ற நாயினங்களுள் இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவை ஊர்ப்பெயர்கள். இராசபாளையம் நாய் 2005இல் இந்திய அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. ஊரால் பெயர் பெறுதல் பெரும்பாலும் வெளியார் நோக்கு. ஊருக்குள் இருப்பவர் தம் நாயை ஊர்ப்பெயரால் அழைக்கத் தேவையில்லை. அதை நாடி வருவோரே அவ்வாறு அழைப்பர். 'கன்னி' என்னும் பெயர் மட்டும் ஊரைச் சுட்டாது நிற்கிறது. தெற்கத்திக் கரிசல் நிலத்து மெலிந்த வேட்டை நாய்களுள், கருநிறத்தில் பழுப்பு படிந்தது கன்னி எனப்படும். மணப்பெண்ணுக்குச் சீராகத் தரப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பது செவிவழி விளக்கம்.

அதே கரிசல் நிலத்தில் 'கன்னி ஆடு' என்றொரு வெள்ளாட்டினம் உண்டு. கறுத்த உடல், முகத்தின் இருபுறமும் கோடுகள். கோடு வெண்மையாயின் பால்கன்னி, செம்மையாயின் செங்கன்னி. ஒரே வட்டாரத்தில், கருமையோடு வேறு நிறம் சேர்ந்த ஆட்டுக்கும் நாய்க்கும் ஒரே பெயர் வழங்குவது தற்செயலா? இது நிறக்கோலத்தைக் குறித்த மேய்ப்பர் சொல்லாக இருக்கலாம் என்பது என் கருத்து. ஒரு தடையும் உண்டு: நாயில் வெளிர்சந்தன நிறத்தையே பால்கன்னி என்பர், ஆகவே ஆட்டின் பொருள் நாய்க்கு அப்படியே பொருந்துகிறது என்று துணிந்துவிட இயலாது. ஆயினும் சீர்வரிசைக் கதையோடு அமைதியடைந்துவிடாமல், மந்தையின் பக்கமும் நாம் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்த்தால், ஜெர்மனியின் 'மஞ்சட் கன்னம்' என்னும் நாயும் கரிசலின் கன்னி நாயும் ஏறத்தாழ ஒரே நிறக்கோலத்தைத் தாங்கி நிற்பது தெரியும். தம்முள் தொடர்பற்ற இரு மேய்ப்பர் சமூகங்களும் அக்கோலத்துக்குத் தனிப்பெயர் இட்டன.

6. நிறுத்தப்பட்ட ஒலிநாடா

இனி, என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் பிறந்தது ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்தில். என் தாய்மாமன் காலையில் பால்மரம் சீவுவார். மாலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டோரம் செல்வார். அவரிடம் வால் குறைந்த நாய் ஒன்று இருந்தது. அதன் பெயர் கூழை. துரையின் அல்சேஷனைக் கண்டு நாங்கள் அஞ்சுவோம், கூழையோடு விளையாடுவோம். கூழை ஓர் இனம் என்று எவரும் கருதியதில்லை. அதற்குப் பதிவேடு இல்லை. மாலையில் மாடுகளை ஒன்றுவிடாமல் கொட்டகைக்குத் திருப்புவது மட்டும் அதற்குத் தெரியும்.

1980களில் முனைவர் பட்ட ஆய்வுக்காக ரந்தாவிலிருந்து பகாவ் வரை தோட்டம் தோட்டமாகச் சென்று பேச்சுத்தமிழைப் பதிவு செய்தேன். உறவுமுறைப் பெயர்களும் வினைமுற்று வடிவங்களும் என் பொருள். மாமன் வீட்டுத் திண்ணையில் பதிவுக்கு அமர்ந்தபோது, அவர் உறவுமுறையை விட்டுத் தம் மாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஒவ்வொன்றின் நிறம், சுழி, கொம்பு, வால் என ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சென்றார். என் ஆய்வுக்கு அது புறம்பானது என்று எண்ணி, ஒலிநாடா வீணாகும் என அஞ்சிக் கருவியை நிறுத்திவிட்டேன். அவர் பேசி முடித்த பின் மீண்டும் இயக்கி, "மாமா, சித்தப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன்.

அத்தோட்டம் பின்னர் செம்பனைக்கு மாறியது. அதன்பின் வீடமைப்புப் பகுதியாயிற்று. மாடுகள் விற்கப்பட்டன. மாமன் காலமாகிவிட்டார். அவர் சொன்னவற்றுள் பதினொரு சொற்கள் என் நினைவில் உள்ளன. மேலும் இரண்டின் ஓசை மட்டும் நினைவிருக்கிறது. அவை எந்நிறத்தைக் குறித்தன என்பது எனக்குத் தெரியாது. அச்சொற்களைக் கேட்க இன்று ஆளில்லை. உறவுமுறைப் பெயர்களையோ எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இன்றும் கேட்கலாம்.

7. செய்யத்தக்கது

ஆசிரியப் பெருமக்களே, நெகிரி செம்பிலானில் தோட்ட வாழ்வை நேரில் அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர்கள் தம் குடும்பத்தாரிடமே இச்சொற்களைத் தொகுக்கலாம். அதற்குச் சில நெறிகள் கூறுவேன்.

முதலாவது, "என்னென்ன சொற்கள் தெரியும்?" என்று கேட்க வேண்டா. அவ்வாறு கேட்டால் எவர்க்கும் எதுவும் நினைவுக்கு வாராது. மாடு, ஆடு, நாய், கோழி ஆகியவற்றின் படங்களைக் காட்டி, "இதைத் தோட்டத்தில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஒலித்தவாறே எழுத வேண்டும். 'செவலை' என்றாரா, 'செவல' என்றாரா என்பது மொழியியலுக்கு முக்கியம். எழுத்து வழக்குக்குத் திருத்துவது பிறகு செய்யத்தக்கது.

மூன்றாவது, சொல்லோடு தோட்டத்தின் பெயர், சொன்னவர் வயது, அவர் முன்னோர் வந்த ஊர் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். ஒரே நிறத்துக்குச் சேலத்தார் ஒரு சொல்லும் இராமநாதபுரத்தார் வேறொரு சொல்லும் கொண்டுவந்திருக்கக் கூடும். அவ்விரண்டும் ஒரே லயத்தில் கலந்தபோது எது நிலைத்தது என்பது நல்ல ஆய்வுப் பொருள்.

நான்காவது, பேசுபவர் தலைப்பை விட்டு விலகினால் இடைமறிக்க வேண்டா. இன்றைய கைப்பேசியில் நாடாத் தீர்ந்துவிடும் என்னும் அச்சம் இல்லை.

வினா எழுப்பிய மாணவிக்கு இப்போது விடை கூறுகிறேன். அம்மா, அல்சேஷன் என்பது போரில் பகைவன் பெயரைச் சொல்ல விரும்பாதவர் இட்ட பெயர். ஜெர்மன் ஷெப்பர்ட் என்பது பல நாய்களிலிருந்து ஒன்றை வரையறுத்தவர் இட்ட பெயர். இரண்டும் சரியே, இரண்டும் பிறர் இட்டவை. உன் பாட்டி வாழ்ந்த லயத்திலும் நாய்கள் இருந்திருக்கும். அவற்றுக்கு உன் முன்னோர் என்ன பெயர் வைத்தனர் என்று இவ்வார இறுதியில் அவரிடம் கேட்டு எழுதி வை. கேட்கும்போது கருவியை நிறுத்திவிடாதே.